இத்தாலியிலிருந்து வந்த பாட்டியைத் தேட உதவும் ஆவணச் சேவைகள்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியக் குடும்பங்களின் முன்னோரைத் தேட இன்று இணையத்தில் பல சேவைகள் இருக்கின்றன. அவற்றுள் அரசுகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் சிலவற்றை, ஒரு பாட்டியைக் கண்டுபிடிக்க அவை எந்த அளவுக்குப் பயன்படுகின்றன என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். தேடப்பட்டவர் என் சம்பந்தியின் அப்பாவைப் பெற்ற பாட்டி. 1909ஆம் ஆண்டு நேப்பிள்ஸில் கப்பலேறி நியூயார்க் வந்தார், கையில் ஒரு குழந்தை இருந்தது, நியூயார்க் துறைமுகத்தில் இருந்த எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தின் அதிகாரி அவருடைய பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்ற மூன்று செய்திகள்தாம் அவரைப் பற்றி அந்த வீட்டில் மிஞ்சியிருந்தன. முதல் இரண்டும் உண்மை என்று ஆவணங்கள் காட்டின. மூன்றாவது, அமெரிக்க இத்தாலியர் வீடுகளில் பரவலாகச் சொல்லப்படும் கதை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். இந்தச் சேவைகளின் அடிப்படையாக உள்ள பதிவேடுகள் அனைத்தும் குடும்பத் தலைவன் ஒருவனை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. கப்பல் ஏறியவன், வேலைக்குப் போனவன், குடியுரிமை கேட்டவன், வரி கட்டியவன் ஆகியோரைத் தேடுகிறவருக்கு நேர்வழி இருக்கிறது. அவனுடைய மனைவியைத் தேடுகிறவர், யாரோ ஓர் அதிகாரிக்கு அவளிடம் ஏதோ ஒன்று தேவைப்பட்ட இடங்களாகப் பார்த்துப் பக்கவாட்டில் நுழைய வேண்டியிருக்கிறது. அந்த இடங்கள் எவை என்று தெரிந்துவிட்டால் இலவசச் சேவைகளே முக்கால்வாசி வேலையை முடித்துக் கொடுத்துவிடும் என்பதுதான் என் முடிவு.

எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டு 1954இல் மூடப்பட்டது. 1880க்கும் 1920க்கும் இடையில் அமெரிக்கா வந்த 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியரில் பெரும்பாலோர் நியூயார்க் துறைமுகம் வழியாகவே வந்தார்கள். அந்தப் பயணியர் பட்டியல்களைச் சுதந்திர தேவி சிலை மற்றும் எல்லிஸ் தீவு அறக்கட்டளை 2001இல் இணையத்துக்குக் கொண்டுவந்தது. 1820 முதல் 1957 வரையிலான ஏறத்தாழ ஆறரைக் கோடிப் பதிவுகள் இப்போது அதில் இருக்கின்றன. பெயரைப் பதிந்து ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். தேடுவதற்கும் பட்டியலின் படத்தைப் பார்ப்பதற்கும் கட்டணம் இல்லை.

இத்தளத்தில் பாட்டியைத் தேடும் பலர் முதல் முயற்சியிலேயே வெறுங்கையோடு திரும்புவதற்குக் காரணம், கணவரின் குடும்பப்பெயரை இட்டுத் தேடுவதுதான். இத்தாலியில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரே சாகும்வரை சட்டப்படியான பெயர். திருமணப் பதிவிலும் கடவுச்சீட்டிலும் கப்பல் பட்டியலிலும் அதுவே எழுதப்பட்டது. திருமணமானதும் தலைப்பெழுத்தை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தில் பழகிய நமக்கு இது உடனே தோன்றாது. அமெரிக்கப் பேரப்பிள்ளைகளுக்கும் தோன்றுவதில்லை. குழந்தைகளோ தகப்பன் பெயரில் இருப்பார்கள். பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் தெரியாத குடும்பங்கள், அவருடன் வந்த குழந்தையின் பெயரை இட்டுத் தேடுவதே எளிய வழி. குழந்தையின் வரி கிடைத்துவிட்டால் அதற்கு மேல் வரியில் வேறொரு குடும்பப்பெயருடன் நிற்கும் பெண்தான் தாய். எங்களுக்கும் அவர் இப்படித்தான் கிடைத்தார்.

தேடுபெட்டியின் குறை ஒன்று உண்டு. பழைய கையெழுத்தை வாசித்துத் தட்டச்சு செய்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். இத்தாலிய ஊர்ப்பெயர்களும் குடும்பப்பெயர்களும் அவர்களுக்குப் பழக்கமில்லாதவை. முதலெழுத்தே தவறிப்போன பெயரை எளிய தேடலால் பிடிக்க முடியாது. ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் தம் சொந்தத் தளத்தில் அமைத்துத் தந்திருக்கும் தேடல் படிவங்கள் இங்கே கைகொடுக்கின்றன. பெயரின் ஒரு பகுதி, ஒலிப்பு, வயது, ஊர், வந்த ஆண்டு என்று பல வாயில்களால் அதே பதிவுகளுக்குள் அவை நம்மை அனுப்புகின்றன. இன்டெல் 8086 கணினிச் சில்லின் வடிவமைப்பில் முதன்மைப் பங்கு வகித்த அதே மோர்ஸ்தான் இவர். ஓய்வுக்காலத்தை யாருடைய பாட்டிக்கோ செலவிட்டிருக்கிறார் என்பது எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி.

பெயரை மாற்றிய அதிகாரியின் கதையையும் இந்தப் பட்டியலின் தோற்றமே தீர்த்துவைக்கிறது. பட்டியலை எழுதியவர்கள் நேப்பிள்ஸ், பலேர்மோ, ஜெனோவா போன்ற புறப்படும் துறைமுகங்களில் இருந்த கப்பல் நிறுவனத்தின் எழுத்தர்கள். எல்லிஸ் தீவு அதிகாரி, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் அதிலிருந்த விடைகளைச் சரிபார்த்தவர் மட்டுமே; புதுப்பெயர் சூட்டுவது அவருடைய வேலையாக இருந்ததில்லை. பெயர்கள் பிற்பாடு பள்ளியிலும் தொழிற்கூடத்திலும் சம்பளப் புத்தகத்திலும் சிறிது சிறிதாக உருமாறின. பல குடும்பங்கள் தாமே மாற்றிக்கொண்டன.

1907ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் வந்த பட்டியல்கள் இரண்டு பக்கங்களில் விரியும் அகன்ற தாள்கள். இடப்பக்கத்தில் பெயர், வயது, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, எந்த இனம், கடைசியாக வாழ்ந்த ஊர், ஊரில் விட்டுவந்த மிக நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் ஆகிய விவரங்கள் இருக்கும். வலப்பக்கத்தில் பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார், கையில் எவ்வளவு இருக்கிறது, யாரிடம் போகிறார், எந்த முகவரிக்கு என்பவற்றோடு, சிறை சென்றவரா, பலதார மணம் புரிந்தவரா, அரசே கூடாது என்பவரா என்ற கேள்விகளும், உயரம், நிறம், முடி, கண், அங்க அடையாளம், பிறந்த ஊர் ஆகியவையும் வரும். தேடல் முடிவு நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாலும் இடப்பக்கத்தில். அடுத்த படத்துக்கு நகர்ந்து, அதே வரி எண்ணில் வலப்பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பதை அறியாமல் பாதித் தகவலோடு மனநிறைவு அடைந்துவிடுகிறவர்கள் மிகப் பலர். இனம் என்ற கட்டத்தில் வட இத்தாலியர், தென் இத்தாலியர் என்று இரண்டு வகையாகப் பிரித்து எழுதியிருப்பதும் கவனிக்க வேண்டியது. ஒரே நாட்டின் குடிமக்களை 1899 முதல் அமெரிக்கக் குடியேற்றத் துறை இரண்டு இனங்களாகவே எண்ணிவந்தது. எங்கள் பாட்டி தென் இத்தாலியர், உயரம் நான்கு அடி பதினோர் அங்குலம், எழுதப் படிக்கத் தெரியாது, சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் கணவர். அவருடைய இளவயதுப் புகைப்படம் ஒன்றுகூட இல்லாத குடும்பத்துக்கு அந்த உயரமும் கண்ணின் நிறமும் பெரிய செய்திகள்.

அவர் பெயருக்கு இடப்புறம் ஓர் எக்ஸ் குறி இருந்தது. நிறுத்திவைக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். ஆணோ தந்தியோ பணமோ வந்து சேராமல், தனியாக வந்த பெண்ணையும் குழந்தைகளையும் தீவிலிருந்து அனுப்புவதில்லை என்பது அக்கால நடைமுறை. இப்படி நிறுத்தப்பட்டவர்களுக்கான தனிப் பட்டியல், அந்தக் கப்பலின் தாள்கள் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் இருக்கும். ஏன் நிறுத்தப்பட்டார், யார் வந்து அழைத்துப் போனார், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு விடப்பட்டார் என்பதோடு, அவருக்குக் கொடுக்கப்பட்ட காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு எத்தனை என்பதும் அதில் எண்ணி எழுதப்பட்டிருக்கும். இந்த உணவுக் கணக்கு கருணையினால் எழுதப்பட்டதன்று. உணவுச் செலவைக் கப்பல் நிறுவனத்திடம் வசூலிக்க எழுதப்பட்டது. ஆனால் ஒரு பாட்டியின் வாழ்வில் ஓர் இரவை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஆவணம் வேறு கிடையாது. இத்தளத்தைப் பயன்படுத்தும் எவரும் இந்தக் கடைசிப் பக்கங்களைப் பார்க்காமல் வெளியேறக் கூடாது; தளம் அவற்றைத் தானாக எடுத்துக் காட்டுவதில்லை என்பதால் பக்கம் பக்கமாக முன்னே தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1950 வரையிலான தாள்கள் பொதுப் பார்வைக்கு வந்துவிட்டன. தேடல் விரைவானது, படங்கள் தெளிவானவை, குறை சொல்ல அதிகமில்லை. 1900, 1910 ஆகிய இரு கணக்கெடுப்புகளிலும் பெண்களிடம் மட்டும் கேட்கப்பட்ட ஒரு கேள்வி உண்டு: எத்தனை குழந்தைகளைப் பெற்றாய், இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள். எங்கள் பாட்டியின் வரியில் மூன்று, ஒன்று என்று இருந்தது. கையில் தூக்கிவந்த குழந்தைக்கு முன்னால் இருவர் இருந்தார்கள் என்பது என் சம்பந்திக்கு எழுபத்தைந்து வயதுக்குமேல்தான் தெரியவந்தது. அவருடைய அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்பதே ஐயம்.

அதே தாளில் தொழில் என்ற கட்டத்தில் பாட்டிக்கு நேரே "இல்லை" என்று எழுதியிருக்கிறது. அவர் வரிக்குக் கீழே, அதே வீட்டில், தங்கிச் சாப்பிடும் நான்கு ஆண்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்களுக்குச் சமைத்தவரும் துணி துவைத்தவரும் விறகும் தண்ணீரும் சுமந்தவரும் யார் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை. நியூயார்க்கின் நெருக்கமான குடியிருப்புகளில் இத்தாலியப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே காகிதப்பூ கட்டினார்கள், கால்சட்டைகளுக்குக் கடைசித் தையல் போட்டார்கள். குழந்தைகளும் உடன் உட்கார்ந்தார்கள். இந்த வேலைகளில் பெரும்பகுதி கணக்கெடுப்புத் தாளில் "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லாகவே பதிவாகியிருக்கிறது. ஆகவே இந்தச் சேவையைப் பயன்படுத்துகிறவர்கள் பாட்டியின் வரியை மட்டும் படிக்காமல் வீடு முழுவதையும், முடிந்தால் அக்கம்பக்கத்து வீடுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அடுத்தடுத்த கதவுகளில் ஒரே மலையூர்க்காரர்கள் குடியிருந்ததும் அப்போது விளங்கும்.

இனி இத்தாலியப் பக்கம். அந்தெனாத்தி என்பது இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் சேர்ந்து நடத்தும் தளம். 2011இல் தொடங்கி, 2021இல் புதுவடிவம் பெற்றது. பிறப்பு, திருமண அறிவிப்பு, திருமணம், இறப்பு ஆகிய குடிமைப் பதிவேடுகளின் படங்கள் கோடிக்கணக்கில் அதில் இருக்கின்றன. கட்டணமும் இல்லை, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. தென் இத்தாலி இவ்வகையில் கொடுத்துவைத்தது: நெப்போலியன் காலத்து ஆட்சியில், 1809 முதலே நேப்பிள்ஸ் அரசின் நிலப்பகுதியிலும், அந்த ஆட்சி முடிந்த பிறகு 1820 முதல் சிசிலியிலும் குடிமைப் பதிவு நடந்திருக்கிறது. ஒன்றுபட்ட இத்தாலியில் அது 1866இல்தான் பொது நடைமுறையானது. வறுமையால் ஊரைவிட்டுக் கிளம்பிய வட்டாரங்களுக்கே நீண்ட, தொடர்ச்சியான பதிவேடுகள் வாய்த்திருக்கின்றன.

பெயரைத் தட்டினால் வம்சமே வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இத்தளம் ஏற்றதன்று. பெயர்வழித் தேடல் சில பகுதிகளுக்கு மட்டுமே உண்டு. மற்றவற்றில் மாகாணம், ஊர், ஆண்டு, பதிவேட்டின் வகை என்று படிப்படியாக இறங்கி, அந்த ஆண்டின் இறுதியில் உள்ள அகரவரிசைப் பட்டியலைப் பார்த்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி வர வேண்டும். ஊர்ப்பெயர் தெரியாமல் இங்கே ஓரடிகூட வைக்க முடியாது. அதற்குக் கப்பல் பட்டியலின் வலப்பக்கம் வேண்டும். மொழியைக் கண்டு பயப்பட வேண்டாம். 1870களின் பிற்பகுதியிலிருந்து பதிவுகள் அச்சிட்ட படிவத்தில் வெற்றிடங்களை நிரப்பி எழுதப்பட்டவை; மாதங்கள், எண்கள், உறவுச்சொற்கள், பத்துப் பன்னிரண்டு தொழிற்பெயர்கள் தெரிந்தால் வாசித்துவிடலாம். நாள், மணி, தெரு, தகப்பனின் வயது எல்லாம் எழுத்திலேயே இருக்கும்.

இந்தப் படிவங்களில்தான் பாட்டியின் இளமை கிடைத்தது. பிறந்த குழந்தையை ஊராட்சி அலுவலகத்துக்குத் தூக்கிவந்து காட்டிப் பதிய வேண்டியவர் தகப்பன். அவர் ஊரில் இல்லையென்றால் மருத்துவச்சி வந்து பதிவு செய்வார், தகப்பன் ஏன் வரவில்லை என்பதும் எழுதப்படும். பாட்டியின் முதல் இரண்டு குழந்தைகளைக் கணவர் பதிந்திருக்கிறார். மூன்றாவதை மருத்துவச்சி பதிந்திருக்கிறார், கணவர் அமெரிக்காவில் இருப்பதாகக் குறிப்பு. ஒரு குடும்பம் எந்த மாதத்துக்கும் எந்த மாதத்துக்கும் இடையில் பிரிந்தது என்பதைப் பயணச்சீட்டு இல்லாமலே இப்படிக் கணித்துவிடலாம். இறந்த இரு குழந்தைகளும் இறப்புப் பதிவேட்டில் கிடைத்தார்கள், ஒரே குளிர்காலத்தில், சில வார இடைவெளியில். இத்தாலியக் குடிமை இறப்புப் பதிவு காரணத்தைச் சொல்வதில்லை. அந்த ஆண்டின் பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினால், அவ்வூரின் மற்ற வீடுகளிலும் அந்த வாரங்களில் குழந்தைகள் இறந்திருப்பது தெரிகிறது. அதற்குமேல் ஊகிக்க எனக்கு விருப்பமில்லை.

திருமணப் பதிவோடு நின்றுவிடாமல், அதன் இணைப்பு ஆவணங்களின் தொகுதியையும் தேடுவது நல்லது. மணமக்களின் பிறப்புச் சான்று, இறந்துபோன பெற்றோரின் இறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்கள் அதில் ஒருசேரக் கிடைக்கும். எல்லா ஊர்களுக்கும் இவை தளத்தில் ஏற்றப்படவில்லை. இங்கே ஓர் இடைக்குறிப்பு: அந்தெனாத்தியில் உலவுகிறவர்களில் பலர் இத்தாலியக் குடியுரிமைக்காக வருகிறவர்கள். தாய்வழியாக வரும் உரிமை 1948 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்த பிள்ளைகளுக்கே நிர்வாக வழியில் ஏற்கப்பட்டது, அதற்கு முந்தையவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025ஆம் ஆண்டுச் சட்டம் வம்சாவளி உரிமையையே பெரும்பாலும் பெற்றோர், தாத்தா பாட்டி என்ற எல்லைக்குள் சுருக்கிவிட்டது. அந்த நோக்கத்தோடு பணம் செலவிட எண்ணுகிறவர்கள் முதலில் சட்டத்தைப் பார்த்துவிட்டு ஆவணத்தைத் தேடட்டும்.

அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடியேற்றத் துறையின் வம்சாவளி ஆவணச் சேவை 2008 முதல் இயங்குகிறது. இது கட்டணச் சேவை. முதலில் கோப்பு எண்ணைத் தேடச் சொல்லி ஒரு கட்டணம், பின்னர் கோப்பின் நகலுக்கு இன்னொரு கட்டணம். விண்ணப்பிக்கும் முன் 1922 செப்டம்பர் 22 என்ற தேதியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று நடைமுறைக்கு வந்த கேபிள் சட்டத்துக்கு முன்பு, கணவன் அமெரிக்கக் குடிமகன் ஆனால் மனைவியும் தானாகவே ஆகிவிடுவாள். அவளுக்கென்று மனுவோ கோப்போ இராது. அத்தகைய பாட்டிக்காகக் குடியுரிமைக் கோப்பைத் தேடச் சொல்லிப் பணம் கட்டுவது வீண். அந்தத் தேதிக்குப் பின் கணவர் குடிமகன் ஆகியிருந்தால் மனைவி தனியாக விண்ணப்பித்திருக்க வேண்டும். பல பாட்டிகள் விண்ணப்பிக்கவே இல்லை.

எங்கள் பாட்டியும் விண்ணப்பிக்காதவர். அதனாலேயே அவருக்கு ஒரு கோப்பு இருந்தது என்பது வேடிக்கை. 1940இல் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் எல்லாரும் அஞ்சலகத்துக்குப் போய்ப் படிவம் நிரப்பிக் கைரேகை வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும் குடியுரிமை பெறாத இத்தாலியர் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் பகைநாட்டவர் என்று அறிவிக்கப்பட்டார்கள். புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாளப் புத்தகத்தை வைத்திருக்க வேண்டும், சிற்றலை வானொலியும் கேமராவும் வைத்திருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் வந்தன. பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவின் பெற்றோரும் இந்தப் பட்டியலில் இருந்தவர்கள்தாம். 1942 அக்டோபர் 12, கொலம்பஸ் நாளன்று இத்தாலியர்மீதான அந்த முத்திரை நீக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

1940 ஆகஸ்டு முதல் 1944 மார்ச் வரையிலான அந்தப் பதிவுப் படிவங்களை இச்சேவை வழியாகக் கேட்டுப் பெறலாம். காத்திருக்கும் காலம் நீளமானது, கட்டணமும் சிறிதன்று; ஆனாலும் இந்த மதிப்புரையில் பணம் கொடுத்துப் பெறத் தக்கது என்று நான் பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான். கணவரின் வரிக்குக் கீழே ஒட்டிக்கொள்ளாமல் பாட்டிக்கென்றே தனியாக இரண்டு பக்கம் ஒதுக்கிய ஆவணம் இது. எந்தக் கப்பலில் வந்தாய், என்ன வேலை செய்கிறாய், யாரிடம் செய்கிறாய், எந்தச் சங்கத்தில் இருக்கிறாய் என்று அவரையே கேட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக "இல்லை" என்றிருந்த தொழில் கட்டத்தில், வீட்டிலிருந்து தைத்துக்கொடுப்பவர் என்று இங்கே இருக்கிறது. தேவாலயத்துப் பெண்கள் சங்கம் ஒன்றில் உறுப்பினர். திருமணப் பதிவில் கையெழுத்திடத் தெரியாதவர் என்று எழுதப்பட்டிருந்தவர், இந்தப் படிவத்தில் தம் பெயரைத் தாமே எழுதியிருக்கிறார். எப்போது, யாரிடம் கற்றார் என்பதற்கு எந்தச் சேவையிலும் பதிவு இல்லை.

ஆண்டுச் சந்தா வாங்கும் வணிகத் தளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன கணக்கெடுப்புத் தாள்களும் கப்பல் பட்டியல்களும்தாம் பெரும்பாலும் அங்கும் கிடைக்கின்றன. தேடல் வசதி கூடுதல், உள்ளூர்ச் செய்தித்தாள்கள் கூடுதல். ஆனால் மற்ற உறுப்பினர்கள் கட்டிவைத்த வம்ச மரங்களை நம்பி எடுத்துக்கொள்வது ஆபத்து. எங்கள் பாட்டிக்கு அப்படி ஒரு மரத்தில் கணவரின் குடும்பப்பெயரையே பிறந்த வீட்டுப் பெயராகக் கொடுத்து, இல்லாத ஒரு தகப்பனையும் கற்பித்திருந்தார்கள். அதை மேலும் பலர் நகலெடுத்திருந்தார்கள். சோதனைக்காலம் முடிந்ததும் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் முதல் நாளே நிறுத்திவைப்பது நல்லது.

வரிசையாகச் செய்ய விரும்புகிறவர்கள் 1910 கணக்கெடுப்பில் தொடங்கி, கப்பல் பட்டியலுக்குச் சென்று, அங்கே ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்டு அந்தெனாத்திக்குள் நுழையலாம். கட்டணக் கோப்பைக் கடைசியில் கேட்கலாம். எல்லிஸ் தீவு அறக்கட்டளை விற்கும் பட்டியலின் அச்சுப் பிரதி நல்ல தாளில், சுவரில் மாட்டும் அளவில் வருகிறது. வாங்குகிறவர்கள் வலப்பக்கத்தின் படம் தனிப் படமாக இருந்தால் அதையும், நிறுத்திவைக்கப்பட்டோர் பட்டியலின் பக்கத்தையும் சேர்த்துச் சேமித்துக்கொண்டுவிட்டுப் பிறகு எதை அச்சிடுவது என்று முடிவு செய்யட்டும்.